சியானில் ஒரே ஒரு நாள்: டூர் பஸ்ஸா, தனி வண்டியா, மெட்ரோவா?

பெய்ஜிங், ஷாங்காய் பயணத்துக்கு நடுவே சியானைச் செருகும் குடும்பங்கள் அதற்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு முழு நாள்தான். முந்தின நாள் இரவு புல்லட் ரயிலில் வந்து இறங்கி, மறுநாள் பார்த்து முடித்து, அதற்கடுத்த நாள் காலை கிளம்பிவிடுவார்கள். அந்த ஒரு நாளை யார் கையில் ஒப்படைப்பது என்பதில்தான் குழப்பம். ஹோட்டல் வரவேற்பில் டூர் பஸ் அட்டையை நீட்டுகிறார்கள். இணையத்தில் காரும் கைடும் சேர்த்து ஒரு விலை சொல்கிறார்கள். யூடியூபில் ஓர் இளைஞர் மெட்ரோவிலேயே போய்வந்து காட்டுகிறார். மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் அந்த இளைஞரோடு 68 வயதுப் பாட்டியும் 5 வயதுப் பையனும் போகவில்லை.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் குடும்பம் இதுதான்: அப்பா, அம்மா, பாட்டி, 11 வயதுப் பெண், 5 வயதுப் பையன். மொத்தம் ஐந்து பேர். இந்த ஐந்து என்ற எண்ணே பல இடங்களில் முடிவை மாற்றும்.

## முதலில் ஊரின் அமைப்பு

சியானுக்கு எல்லோரும் வருவது சுடுமண் படையைப் பார்க்க: பேரரசர் சின் ஷி ஹுவாங் சமாதியருகே குழிகளில் வரிசையாக நிற்கும் களிமண் வீரர் சிலைகள். அது சியான் ஊருக்குள் இல்லை. நகர மையத்தில் இருக்கும் மணிக் கோபுரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தள்ளி, லின்டோங் பகுதியில் இருக்கிறது. காரில் ஒரு மணி நேரம் ஆகும். மணிக் கோபுரம் (1384), முரசுக் கோபுரம் (1380), முஸ்லிம் தெரு, கோட்டைச் சுவரின் தெற்கு வாசல் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியவை. நடந்தோ ஓரிரு மெட்ரோ நிறுத்தத்திலோ முடிந்துவிடும். பெரிய காட்டு வாத்துப் பகோடா மட்டும் சுவருக்கு வெளியே, தெற்கே இருக்கிறது.

ஆகவே நாள் தானாகவே இரண்டாகப் பிரிகிறது: ஊருக்கு வெளியே அரை நாள், உள்ளே அரை நாள். இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரி உதவி தேவையில்லை. சுடுமண் குழிகளில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் குழந்தைக்கு அது தலையில்லாத பொம்மைகள் நிற்கும் பெரிய கொட்டகை, அவ்வளவுதான். கோட்டைச் சுவர்மேல் சைக்கிள் விடுவதற்கும் தெருவில் தின்பதற்கும் கைடு எதற்கு? பெரும்பாலான டூர்கள் இந்த இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, ஒரே விலையில் விற்கின்றன. கூடுதல் பணம் கரைவது அங்கேதான்.

## எதை வைத்து எடை போடுவது

மணிக்கணக்கு. வாசல் காலை 8.30-க்குத் திறக்கும். 10 மணிக்கு மேல் பஸ் கூட்டம் வந்து இறங்கும். 9 மணிக்கு உள்ளே இருப்பதும் 10.45-க்கு உள்ளே போவதும் ஒரே டிக்கெட்தான், ஆனால் பார்ப்பது வேறு வேறு. முதல் குழியின் முன் மேடையில் கம்பியை ஒட்டி நின்றால்தான் படை முழுதாகத் தெரியும். கூட்டம் சேர்ந்தபின் 5 வயதுப் பையனுக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுப்பை.

கால். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரை நல்ல நடை, வாசலிலிருந்து குழிகள் வரை இன்னொரு நடை, திரும்பும்போது கடைத்தெரு வழியாகச் சுற்றிவிடும் நீண்ட பாதை. குழிகளுக்குள் நடப்பதையும் சேர்த்தால் 5 கி.மீ. சுலபமாகத் தாண்டும். வெளிப்பகுதியில் சில யுவானுக்கு பேட்டரி வண்டி ஓடுகிறது. பாட்டிக்கு அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். காலையிலேயே கால் களைத்தால் மாலைச் சுவர் போச்சு.

வயிறு. நம்மவர்கள் இதைத்தான் கடைசியாக யோசிக்கிறார்கள். சியான் மாவுப்பண்டத்துக்குப் பேர்போன ஊர், ஆகவே சைவர்களுக்குப் பட்டினி இல்லை. ஆனால் கண்ணி நிறைய. முஸ்லிம் தெருவில் பன்றி இருக்காது, சரி. ஆனால் அங்கே ரொட்டிக்குள் வைத்துத் தரும் 'ரோஜியாமோ'வில் பெரும்பாலும் இருப்பது மாட்டிறைச்சி. அதே பண்டம் தெருவுக்கு வெளியே மற்ற கடைகளில் பன்றி. மாடும் பன்றியும் சாப்பிடாத குடும்பம் இரண்டு இடத்திலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ரொட்டியைப் பிய்த்துப் போட்டுத் தரும் 'பாவ்மோ' ஆட்டு அல்லது மாட்டுச் சாறு. குளிர்ந்த மாவுப்பட்டையில் மிளகாய் எண்ணெயும் வினிகரும் ஊற்றித் தரும் 'லியாங்பி' வழக்கமாகச் சைவம். பெர்சிமன் பழம் கலந்த மாவில் சுட்ட இனிப்புப் பணியாரம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். காய்கறிக் குழம்பு என்று பட்டியலில் இருப்பதிலும் கொஞ்சம் கொத்திறைச்சி தூவும் பழக்கம் உண்டு. சமையற்காரருக்கு அது இறைச்சி உணவு அல்ல, வாசனைக்குப் போடுவது. "வோ ச்சு சூ" என்றால் நான் சைவம் என்று பொருள். அதைச் சீன எழுத்தில், இறைச்சி வேண்டாம், இறைச்சிச் சாறும் கொழுப்பும் வேண்டாம், மீன் வேண்டாம் என்று பிரித்து எழுதிப் போனில் வைத்துக்கொள்வது நல்லது. முட்டை ஆகுமா ஆகாதா என்பதையும் எழுதிவிடுங்கள்.

மொழி. தமிழ் பேசும் கைடு கிடைப்பார் என்று எண்ணிப் போகாதீர்கள், ஆங்கிலம்தான். பாட்டிக்கு ஆங்கிலம் புரியாது என்றால் வீட்டில் ஒருவர் பெயர்த்துச் சொல்ல வேண்டும். தனி கைடு அதற்கு நின்று நிதானிப்பார். இருபது பேர் கூட்டத்தை இழுத்துப்போகும் கைடு நிற்க மாட்டார். நீங்கள் ஒரு வாக்கியம் பெயர்ப்பதற்குள் கொடி அடுத்த குழிக்குப் போயிருக்கும்.

சொன்ன விலையும் ஆகும் விலையும். இதைத் தனித்தனியாகக் கீழே பார்ப்போம். எல்லா வழிக்கும் பொதுவான செலவு: சுடுமண் படை டிக்கெட் 120 யுவான், கோட்டைச் சுவர் 54 யுவான். மூன்று பெரியவருக்கும் முழுக் கட்டணம் என்று வைத்தாலும் 360-ம் 162-ம் சேர்த்து 522 யுவான். சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகைகள் உண்டு, பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியைப் பார்த்துத் தருவார்கள். சலுகை என்றாலும் இலவசம் என்றாலும் அவர்கள் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் பதிவு செய்தாக வேண்டும். குழந்தைதானே என்று விட்டால் வாசலில் நின்றுவிடும்.

## ஒரு பார்வையில்

| | பொது டூர் பஸ் | தனி வண்டி + கைடு | நாமே மெட்ரோவில் | அரை நாள் கைடு (மாலை நாமே) |
|---|---|---|---|---|
| குழிக்குள் நுழையும் நேரம் | 10.30 வாக்கில் | 8.45 – 9.00 | கிளம்புவதைப் பொறுத்து | 8.45 – 9.00 |
| விலை எப்படி | தலைக்கு | வண்டிக்கு | டிக்கெட்டும் பயணமும் | பாதி நாளுக்கு, வண்டிக்கு |
| கடை நிறுத்தம் | கேட்டால்தான் தெரியும் | எழுதி வாங்கினால் இல்லை | இல்லை | எழுதி வாங்கினால் இல்லை |
| மதியச் சாப்பாடு | வட்டமேசை, பொதுப் பட்டியல் | நாம் சொல்லும் கடை | நாம் தேடும் கடை | ஊர் திரும்பியபின் |
| குழந்தை அழுதால் | பஸ் காத்திருக்காது | பாதியில் திரும்பலாம் | திரும்பலாம், ஆனால் வழி நீளம் | பாதியில் திரும்பலாம் |
| பணம் கசியும் இடம் | 'விருப்பத்துக்கு' என்ற சேர்க்கைகள் | கூடுதல் மணி நேரம் | களைத்தபின் பிடிக்கும் டாக்சி | மாலை வண்டி |

## பொது டூர் பஸ்

இதிலேயே இரண்டு வகை. ஆங்கில கைடு வைத்து வெளிநாட்டவரை ஏற்றும் சிறு பஸ் ஒன்று. சீனப் பயணிகளுக்காக ஓடும் பெரிய பஸ் இன்னொன்று. ஹோட்டல் மேசையில் மிகக் குறைந்த விலையில் கிடைப்பது இரண்டாவதுதான். கைடு பேசுவது முழுக்கச் சீனம். விலையை மட்டும் பார்த்து ஏறினால் நாள் முழுக்க ஒலிபெருக்கிச் சத்தம்தான் மிச்சம்.

ஆங்கில பஸ் நேர்மையான சரக்கு, தனியாகவோ இருவராகவோ வருபவருக்கு. டிக்கெட், சாப்பாடு, வண்டி, கைடு எல்லாம் ஒரே விலைக்குள் அடங்கும். தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் பதிவை அவர்களே முடித்துவிடுவார்கள். அது சின்ன வசதி அல்ல.

நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 7.30 தொடங்கி ஒவ்வொரு ஹோட்டலாக ஆள் ஏற்றுவார்கள். உங்கள் ஹோட்டல் முதலாவது என்றால் ஒரு மணி நேரம் ஊருக்குள்ளேயே சுற்றுவீர்கள். அடுத்தது 'சுடுமண் பட்டறை'. களிமண்ணில் பொம்மை செய்வதை ஐந்து நிமிடம் காட்டி, நாற்பது நிமிடம் கடையில் விடுவார்கள். பட்டறை மோசமான இடம் என்று சொல்ல முடியாது, அச்சில் களிமண் அமுக்கிப் பார்ப்பது குழந்தைக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்தான் குழியில் கூட்டம் நிரம்புகிறது. பட்டறையை மதியத்துக்குத் தள்ளும் டூர் கிடைத்தால் அதை எடுங்கள்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவை யாரோ ஈடுகட்டுகிறார்கள் என்று பொருள். மாணிக்கம், பட்டுப் போர்வை, லான்டியன் பச்சைக்கல் என்று கடை கடையாக நிறுத்தி, அங்கே வரும் கமிஷனில் ஈடுகட்டுவது பழைய முறை. சீனாவில் 2013 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுலாச் சட்டம், அநியாயக் குறைவிலையில் ஆள் பிடித்துக் கடையில் லாபம் எடுப்பதைத் தடை செய்கிறது. அப்படி வாங்கிய பொருளை 30 நாளுக்குள் திருப்பித் தரவும் வழி சொல்கிறது. சட்டம் நல்லதுதான். ஆனால் நீங்கள் சென்னை திரும்பியபின் சியான் ஏஜென்சியோடு சண்டை போடுவீர்களா? முன்பதிவுக்கு முன்பே "எத்தனை கடை நிறுத்தம், எங்கே, எவ்வளவு நேரம்" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிரித்து மழுப்பினால் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

'விருப்பத்துக்கு' என்று சேர்க்கும் இன்னொன்று ஹுவாச்சிங் அரண்மனை. வெந்நீர் ஊற்றுகள் கொண்ட, தாங் வம்சக் காலத்து அரச ஓய்விடம். 1936-இல் அன்றைய சீனத் தலைவர் சியாங் கை-ஷெக் பிடிபட்ட சியான் சம்பவமும் அங்கேதான் நடந்தது. வரலாறு படித்தவருக்கு அருமை. ஒரே நாள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வேண்டாம்: இன்னொரு டிக்கெட், இன்னொரு இரண்டு மணி நேரம், ஊருக்குள் பார்க்க வேண்டிய மாலை காலி.

சாப்பாடு பத்துப் பேர் வட்டமேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. சைவம் என்று முன்பே சொன்னால் தனியாக இரண்டு கிண்ணம் வரும்: வதக்கிய கீரை, தக்காளியும் முட்டையும். முன்பே சொல்லாவிட்டால் வெள்ளைச் சோறு.

பெரியவர்கள் இருவர் மட்டும் வருகிறீர்கள், ஆங்கிலம் பிரச்சினை இல்லை, பதிவுத் தலைவலி வேண்டாம் என்றால் இந்த வழி நியாயம். ஐந்து பேருக்கு இல்லை.

## தனி வண்டியும் கைடும்

பார்த்தவுடன் விலை அதிகமாகத் தெரியும். கணக்குப் போட்டால் மாறும். ஓர் உதாரணம், எண்கள் கணக்குக்காகத்தான்: பஸ் தலைக்கு 400 யுவான், டிக்கெட் உட்பட, தனி வண்டியும் கைடும் 1,600, டிக்கெட் தனி. இருவர் போனால் பஸ் 800, தனி வண்டி டிக்கெட்டோடு 1,840, பஸ்தான் சரி. ஐந்து பேருக்குப் பஸ் 2,000, தனி வண்டி மூன்று டிக்கெட்டோடு 1,960. குழந்தைக்குப் பஸ்ஸில் பாதி விலை என்றால் தட்டு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், அவ்வளவே. உங்களுக்கு வரும் உண்மை விலையை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

இந்த வழியில் பிசகுவது பெரும்பாலும் வண்டியின் அளவு. சாதாரணக் காரில் ஓட்டுநரைத் தவிர நான்கு இடம். கைடு முன் இருக்கையில் உட்கார்ந்தால் உங்களுக்குப் பின்னால் மூன்று. நான்கு பேர் குடும்பத்துக்கே கார் போதாது. ஐந்து பேருக்கு 7 இருக்கை வண்டி வேண்டும். சீனாவில் இதற்கு ப்யூக் ஜிஎல்8 அதிகம் ஓடும். அதிலும் ஓட்டுநர், கைடு, நீங்கள் ஐந்து பேர் என்று ஏழும் நிரம்பிவிடும்; பெட்டிக்கும் குழந்தைத் தள்ளுவண்டிக்கும் பின்னால் மிஞ்சுவது ஒரு சாண். அன்றே ஹோட்டலைக் காலி செய்துவிட்டுப் பெட்டிகளோடு கிளம்புவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி அதைவிடப் பெரிய வண்டி கேளுங்கள். குழந்தை இருக்கையும் அப்படியே: கேட்காமல் வராது, டாக்சியில் கிடைக்கவே கிடைக்காது.

விலைக்குள் என்ன இல்லை என்பதையும் கேட்டுவிட வேண்டும். வண்டி நிறுத்தக் கட்டணம், நெடுஞ்சாலைச் சுங்கம், கைடு-ஓட்டுநர் சாப்பாடு, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு கூடுதல் கட்டணம். எட்டு மணி நேரம் என்றால் அது உங்கள் ஹோட்டலிலிருந்து உங்கள் ஹோட்டலுக்கா, அவர்கள் கொட்டகையிலிருந்து கொட்டகைக்கா? டிப்ஸ் கொடுப்பது சீனர்களிடையே வழக்கமில்லை. வெளிநாட்டவரோடு வேலை செய்யும் கைடுகள் எதிர்பார்ப்பதுண்டு, கட்டாயமில்லை. கைடுக்கு அரசு அட்டை உண்டா என்றும் கேளுங்கள். போனிலேயே எடுத்துக் காட்டுவார். அட்டை இல்லாத ஆள் ஓட்டுநராக நல்லவராக இருக்கலாம், அருங்காட்சியகத்துக்குள் நின்று விளக்கம் சொல்லும்போது காவலர் தடுத்தால் நீங்கள் கொடுத்த பணத்துக்கு வாசல் வரைதான் கைடு.

இன்னொரு மெல்லிய கசிவு பணம் செலுத்தும் வழியில். வெளிநாட்டு அட்டையை அலிபே, வீசாட் பே செயலியில் இணைத்தால், 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கட்டும் தொகைக்கு 3% கட்டணம். 1,600-க்கு 48 யுவான். பெரிய தொகையை ஊரிலிருந்தே இணையத்தில் கட்டிவிட்டு, அங்கே சில்லறைக்கு மட்டும் செயலியைப் பயன்படுத்தலாம். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்பும் முன்பே இயக்கி வையுங்கள்.

இத்தனைக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது? நல்ல கைடு குழியில் என்ன செய்வார் என்பதைச் சொன்னால்தான் புரியும்.

இரண்டாம் குழியின் கண்ணாடிப் பெட்டியில் மண்டியிட்ட வில்லாளி ஒருவன் இருக்கிறான். எல்லோரும் முகத்தைப் படமெடுத்துவிட்டு நகர்வார்கள். கைடு உங்கள் பெண்ணைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் குனியச் சொல்வார். மடங்கிய காலின் செருப்பு அடிப்பகுதி தெரியும். அதில் தையல் புள்ளிகள். முன்பாதத்திலும் குதிகாலிலும் நெருக்கமாக, நடுவில் இடைவிட்டு, தேயும் இடத்தில் கூடுதல் தையல் போட்டதை அப்படியே களிமண்ணில் குத்தியிருக்கிறார்கள். 2,200 ஆண்டுக்கு முந்திய செருப்புத் தைப்பவரின் புத்தி அது. இவன் ஏன் உடையாமல் கிடைத்தான்? உட்கார்ந்திருந்ததால் உயரம் குறைவு. கூரை இடிந்து விழுந்தபோது நின்ற வீரர்கள் அடியைத் தாங்கிக்கொண்டார்கள். முதல் குழியில் வரிசைகளுக்கு நடுவே மண்சுவர்களின் மேற்புறம் அலைபோல் மேடும் பள்ளமுமாக இருக்கும். கூரைக்குப் போட்ட மரக்கட்டைகள் மண்ணில் பதிந்த தடம். அதைக் காட்டியபின் 5 வயதுப் பையனுக்கும் அது கொட்டகை அல்ல, வீடு இடிந்த கதை.

படை முழுக்க ஒரு காலத்தில் வண்ணம் பூசியது, மண்ணைவிட்டு வெளியே வந்ததும் அடிப்பூச்சு காய்ந்து உரிந்துபோனது. 1974 மார்ச்சில் கிணறு தோண்டிய விவசாயிகள் கையில்தான் முதல் துண்டு அகப்பட்டது. இவை பலகையிலும் எழுதியிருக்கும். ஆனால் குழந்தைகள் பலகை படிப்பதில்லை.

## நாமே, மெட்ரோவில்

நடக்கக்கூடிய வழிதான், மலிவும் இதுதான். மணிக் கோபுர நிலையத்திலிருந்து 2-ஆம் தடத்தில் ஒரு நிறுத்தம், பெய்தாஜியேயில் 1-ஆம் தடத்துக்கு மாறி ஃபாங்ஜுச்செங், அங்கே 9-ஆம் தடத்துக்கு மாறி ஹுவாச்சிங்ச்சு. அந்த 9-ஆம் தடம் 2020 டிசம்பரில்தான் திறந்தது. அதற்கு முன் எழுதிய குறிப்புகளை நம்பி ரயில் நிலையத்து முன்வாசலுக்குப் பஸ் பிடிக்கப் போகாதீர்கள். அங்கே அரசுப் பஸ் எண்ணைப் போலியாக ஒட்டி ஆள் ஏற்றும் வண்டிகளுக்கு வெகுகாலமாகவே பேர் உண்டு. ஹுவாச்சிங்ச்சுவில் இறங்கியபின் பஸ்ஸோ டாக்சியோ பிடித்து இன்னும் சில கிலோமீட்டர்.

கதவிலிருந்து கதவுக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். ஒவ்வொரு மெட்ரோ நிலையத்திலும் பையை ஸ்கேனரில் போட வேண்டும். காலை வேலை நேரத்தில் பாட்டிக்கு உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். டாக்சி என்றால் ஐந்து பேரை ஏற்ற மாட்டார்கள், நான்குதான். அலிபேயில் உள்ள டிடி என்ற வாடகைக் கார் சேவையில் ஆறு இருக்கை வண்டி கேட்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு டாக்சி. கடைசி மைலில் "அங்கே கூட்டம், வேறு இடம் காட்டுகிறேன்" என்பவரிடம் கவனம். லின்டோங் சுற்றுவட்டாரத்தில் நகல் சிலைகள் வைத்த கண்காட்சிகள் உண்டு. உண்மையான இடத்தின் பெயர் 'பேரரசர் சின் ஷி ஹுவாங் சமாதி அருங்காட்சியகம்'. சீன எழுத்தில் படமாக வைத்து ஓட்டுநரிடம் காட்டுங்கள்.

கூகுள் வரைபடத்தை மறந்துவிடலாம். உள்ளூர் வைஃபையில் அது திறக்காது. வெளிநாட்டு நிறுவனத்தின் ரோமிங் அல்லது இ-சிம் போட்டால் திறந்தாலும் சீனத் தெருக்களை நம்பிக்கையாகக் காட்டுவதில்லை. ஆமாப் என்ற சீன வரைபடச் செயலியை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

பதிவுதான் இந்த வழியின் முள். டிக்கெட் பாஸ்போர்ட் பெயரில், குறிப்பிட்ட தேதிக்கு, இணையத்தில். இங்கே நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் பலவற்றில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். படிவம் இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் வரிசையில் எழுத வேண்டாம். எண்ணில் 0-வும் ஓ-வும் மாறினால் வாசல் திறக்காது. பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் பழைய எண்ணைக் கொடுத்துவிட்டு நிற்பதும் உண்டு. அன்று அசல் பாஸ்போர்ட் எல்லோரிடமும் வேண்டும், குழந்தை உட்பட. போட்டோ எடுத்து வைத்தது செல்லாது.

உள்ளே போனபின் ஒலி வழிகாட்டிக் கருவி வாடகைக்குக் கிடைக்கும். பெரியவருக்குப் பரவாயில்லை. குழந்தை இரண்டாவது நிமிடம் காதிலிருந்து எடுத்துவிடும். அருங்காட்சியகத்தின் சொந்த விளக்குநர் சேவை உண்டு, மேசையில் விலை எழுதியிருக்கும். வாசலில் சட்டையைப் பிடிப்பவரைவிட அங்கே போவது நல்லது.

பிள்ளைகள் 12-க்கு மேல், பாட்டி வரவில்லை, வரலாற்றை நீங்களே படித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றால் இந்த வழியே போதும். இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த பணம் மாலை நாலு மணிக்கு, எல்லோரும் துவண்டு நிற்கும்போது, இரண்டு டாக்சியாகக் கரையும்.

## காலை கைடு, மாலை நாம்

ஐந்து பேர் குடும்பத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். தனி வண்டியையும் கைடையும் அரை நாளுக்கு மட்டும் பேசுங்கள்: காலை 7.30-க்கு ஹோட்டல், மதியம் 2 மணி வாக்கில் கோட்டைச் சுவரின் தெற்கு வாசலான யோங்நிங் வாசலில் இறக்கிவிட வேண்டும். ஹோட்டலில் அல்ல, வாசலில். இதைச் சொல்லாவிட்டால் ஹோட்டலுக்குப் போய் மறுபடி கிளம்புவதில் ஒரு மணி நேரம் போகும். சில ஏஜென்சிகள் அரை நாள் கிடையாது என்பார்கள். ஊருக்கு வெளியே போவதால் முழு நாள் விலையில் முக்கால் பங்கு கேட்பவர்களும் உண்டு. அதற்கு மேல் கேட்டால் முழு நாளையே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் இல்லை.

காலை வரிசை: முதல் குழி, மூன்றாம் குழி, இரண்டாம் குழி. சிறந்ததைக் கடைசியில் வை என்று சில கைடுகள் தலைகீழாகக் கூட்டிப்போவார்கள். பெரியவர் கூட்டத்துக்கு அது நல்ல நாடகம், 5 வயதுக்காரனோடு வேண்டாம். அவன் தெளிவாக இருக்கும் முதல் ஒரு மணி நேரம் முதல் குழிக்கே. முன் மேடையில் பார்த்துவிட்டு இடது ஓரமாகப் பின்பக்கம் வரை போங்கள். அங்கே ஒட்டவைக்கும் வேலை பாதியில் நிற்கும் சிலைகள், கால் மட்டும் நிற்பவை, தலை தனியாகக் காத்திருப்பவை. மூன்றாம் குழி சின்னது, பத்து நிமிடம்.

வெண்கலத் தேர்கள் குழிகளுக்குப் பக்கத்தில் இல்லை என்பதைப் பலர் திரும்பியபின்தான் அறிகிறார்கள். 1980-இல் கிடைத்த அந்த இரண்டு தேர்களும், ஒவ்வொன்றும் 3,000-க்கு மேற்பட்ட பாகம், அசலில் பாதி அளவு, 2021 முதல் லிஷான் பூங்காவில் தனி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே 120 யுவான் டிக்கெட்டில் அடங்கும், நடுவே இலவசப் பஸ் ஓடுகிறது. பேரம் பேசும்போதே "லிஷான் பூங்கா சேர்த்தா?" என்று கேளுங்கள். பல டூர்கள் சத்தமில்லாமல் இதை விட்டுவிடும். ஒரு மணி நேரம் கூடும். பையன் தாங்கினால் போங்கள்.

மாலைக்குச் சுவர். 14-ஆம் நூற்றாண்டில் மிங் அரசு கட்டியது, சுற்றளவு 13.74 கி.மீ., உயரம் 12 மீட்டர். மேலே கார் இரண்டு ஒதுங்கிப் போகும் அகலம். ஏறுவதற்குப் படி. மேலே ஒற்றைச் சைக்கிளும் இருவர் மிதிக்கும் சைக்கிளும் வாடகைக்கு உண்டு, முன்பணம் கட்ட வேண்டும். முழுச் சுற்று ஒன்றரை இரண்டு மணி நேரம். செங்கல் பாவிய தரை, தடதடக்கும். தெற்கிலிருந்து அடுத்த வாசல் வரை போய் அதே வழி திரும்புவது குழந்தைகளுக்குப் போதும். கால் பெடலுக்கு எட்டாத பையன் பாட்டியோடு பேட்டரி வண்டியில். மழை பெய்தால் சைக்கிள் தர மாட்டார்கள். அன்றைக்குப் பகோடாவுக்குப் போங்கள்.

பகோடா நமக்குத் தூரத்து உறவு. பள்ளிப் பாடத்தில் வரும் யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சுவடிகளை வைக்க 652-இல் கட்டியது. ஏறத்தாழ 640-இல் அவர் காஞ்சிபுரம் வரை வந்து, அந்த ஊரைப் பற்றி எழுதியும் வைத்தார். தெற்குச் சதுக்கத்தில் அவர் சிலை நிற்கிறது. பாட்டிக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் சியானில் இல்லை. சதுக்கம் வரை டிக்கெட் வேண்டாம்.

ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்தை இந்த ஒரு நாளில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். அனுமதி இலவசம்தான், ஆனால் முன்பதிவு திறந்த உடனே தீர்ந்துவிடும், திங்கட்கிழமை விடுமுறை. டூர் விளம்பரத்தில் அது இருந்தால், பதிவு கையில் இருக்கிறதா என்று கேட்டபிறகு பணம் கட்டுங்கள்.

## எந்தத் தேதியில் எது

அக்டோபர் 1 முதல் 7 வரை, மே மாத முதல் வாரம், சீனப் புத்தாண்டு: இந்த மூன்றிலும் சியானை விட்டு விலகியிருப்பதே மேல். விலக முடியாவிட்டால் தனி வண்டிதான், அதுவும் வாசல் திறக்கும்போதே அங்கே நிற்கும்படி. நம் ஊர்ப் பள்ளி விடுமுறையான ஏப்ரல் பிற்பகுதி சியானில் நல்ல பருவம், மே விடுமுறை தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை, கடும் வெயில். முதல் குழியின் கொட்டகைக்குள் காற்றும் அசையாது. அந்த மாதங்களில் மெட்ரோ வழி பாட்டிக்கு ஆகாது.

கைப்பையில் டிஷ்யூ காகிதம் தாராளமாக இருக்கட்டும், பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் இருக்காது. பெரும்பாலும் குந்தும் வகை, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் அறையைக் காட்டச் சொல்லிக் கைடிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். வெந்நீர் எங்கும் இலவசமாகக் கிடைக்கும். காலிக் குடுவை ஒன்று எடுத்துப்போனால் பாட்டிக்குச் சுக்குப்பொடி கலக்கவாவது ஆகும்.